ஆனர்ஸ் டிகிரி நாலரை வருஷம்: கடலூர்ல இருந்துகிட்டு படிச்ச அனுபவம்

டிப்ளமோ சிவில் முடிச்சுட்டு பாண்டில ஒரு கன்ட்ராக்டர்கிட்ட பில்லிங் பாத்துட்டு இருந்தப்ப இதுல சேந்தேன். இங்கிலாந்து காலேஜ், ஆன்லைன், பார்ட் டைம், பி.எஸ்சி. ஆனர்ஸ், குவான்டிட்டி சர்வேயிங், அதாவது கட்டட வேலைக்கு அளவு எடுத்து செலவு கணக்கு போடற படிப்பு. காலேஜ் பேர் வேணாம். சேரும்போது முழுசா முடிச்சவங்க யாராவது எழுதிருக்காங்களான்னு தேடித்தேடி பாத்தேன், எல்லாமே சேந்த புதுசுல எழுதுனதாதான் இருந்துச்சு, அதனால முடிச்சப்புறம் நானே எழுதணும்னு வச்சிருந்தேன்.

முதல்ல நேரக் கணக்க சொல்லிடறேன், ஏன்னா பாதில விட்டவங்க எல்லாம் இங்கதான் விட்டாங்க. ஆனர்ஸ்னா மொத்தம் 360 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேரம், ஆக 3600 மணி நேரம். நான் வருஷத்துக்கு 80 கிரெடிட் எடுத்தேன், அதாவது வாரம் 15 மணி நேரம், அடைமழையோ தீபாவளியோ. திருப்பாதிரிப்புலியூர்ல பஸ் ஏறுனா பாண்டி போற வரைக்கும் படிப்பேன், சாயந்திரம் நின்னுகிட்டே வர்றதால ஒன்னும் ஓடாது, அப்புறம் ராத்திரி 10 மணிக்கு மேல. லைவ் கிளாஸ் அவங்களுக்கு சாயந்திரம்னா நமக்கு நடுராத்திரி.

இன்னொன்னு, அவங்க மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளிடுவாங்க. அதுவரைக்கும் அவங்க மதியம் 12ன்னா நமக்கு 5:30, அதுக்கப்புறம் 4:30. இது தெரியாம, அவங்க மதியம் 12 மணி கெடு வச்ச ஒரு அசைன்மென்ட்ட நம்ம 5 மணிக்கு ஏத்துனேன், லேட்டுன்னு பாஸ் மார்க் 40ஓட நிறுத்திட்டாங்க. 70 வாங்குனா ஃபர்ஸ்ட், 60 வாங்குனா அதுக்கு அடுத்த கிளாஸ் டூ ஒன், அப்டி இருக்கறப்ப ஒரு 40 எவ்ளோ இழுக்கும்னு பாத்துக்கோங்க. மெயில் போட்டும் ஒன்னும் நடக்கல, இன்னிக்கும் வருத்தம்தான்.

ஆனா அளவு எடுக்கற பாடம் இருக்கே, அதுக்காகவே நான் சேந்தது வீண் போகல. முன்னாடி எங்க மேஸ்திரி அண்ணே "ஏம்மா பூச்சு அளவுல ஜன்னலுக்கு கழிச்சுட்டியா, எந்த ஊர்ல கழிக்கறாங்க"ன்னு சண்டைக்கு வருவாரு, நான் ஐ.எஸ். 1200ல, அதாவது அளவு எடுக்கற நம்ம ஊர் ரூல் புக்ல, இருக்கு அண்ணேன்னு மட்டும் சொல்லுவேன், ஏன் இருக்குன்னு எனக்கே தெரியாது. அங்க என்.ஆர்.எம். 2ன்னு வேற ரூல் புக், கழிக்கற அளவே வேற, அத நம்ம ரூலோட பக்கத்துல வச்சு படிச்சப்பதான் புரிஞ்சுது. நம்ம ஐ.எஸ்.ல அரை சதுர மீட்டர் வரைக்கும் பூச்சுல கழிக்கறதே இல்ல, அதுக்கு மேல 3 சதுர மீட்டர் வரைக்கும் ரெண்டு பக்கமும் ஒரே பூச்சுன்னா ஒரு பக்கம் மட்டும் கழிக்கணும், ஆனா ஜன்னல் ஓரத்து பூச்சுக்கு தனியா காசு கிடையாது. 4க்கு 4 ஜன்னல எடுத்துக்கோங்க, ஒரு பக்கம் மட்டும் கழிச்சா, கழிக்காத இன்னொரு பக்கத்து 16 சதுர அடி நமக்கு மிஞ்சுது. 9 இன்ச் சுவர்ல சுத்தி இருக்கற ஓரம் 16 அடி நீளம், முக்கால் அடி அகலம், காசு இல்லாம பூசறது 12 சதுர அடி. கிட்டத்தட்ட ஒன்னுக்கு ஒன்னு சரியாப் போகுது! இத தரையில சுண்ணாம்புக் கட்டியால போட்டு காமிச்சேன், அண்ணே கொஞ்ச நேரம் பாத்துட்டு "இத முன்னாடியே சொல்லிருக்கலாம்ல"ன்னாரு. அன்னிக்கு எனக்கு வந்த சந்தோஷம் சர்டிஃபிகேட் வந்தப்ப கூட வரல.

லா பேப்பர் முழுக்க இங்கிலீஷ் சட்டம். 1925 ப்ராப்பர்ட்டி சட்டம், லீஸ்ஹோல்டுங்கற நீண்ட கால குத்தகை எல்லாம் நமக்கு நேரா உதவாது, பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கம் எல்லாம் நாமளா தேடிப் படிக்கணும். வேல்யூவேஷன்லயும் இதே பிரச்சனை, பக்கத்து இடம் என்ன விலைக்கு போச்சுன்னு ஒப்பிட்டு பாக்கற முறைய ரொம்ப அழகா சொல்லித் தருவாங்க, இங்க நிறைய பத்திரத்துல கைடுலைன் வேல்யூ தான் இருக்கும், உண்மையா கை மாறுன காசு வேற, அப்ப எத ஒப்பிடறது? நான் மஞ்சக்குப்பம் பக்கம் ரெண்டு மூணு புரோக்கர்கிட்ட உக்காந்து கேட்டு எழுதுனேன், அத அப்டியே ரிப்போர்ட்ல சொன்னேன், நல்ல மார்க் வந்துச்சு.

பில்டிங் டெக்னாலஜில குளிருக்கு சுவர்ல இன்சுலேஷன் வைக்கறத பக்கம் பக்கமா படிக்கணும். ஆனா பழைய கட்டட பாடம் பாண்டிக்குன்னே எழுதுன மாதிரி இருந்துச்சு. சுண்ணாம்புக் கலவைல கட்டுன சுவர் மேல சிமென்ட் பூசுனா உள்ள இருக்கற ஈரம் வெளிய வர வழி இல்லாம கல்லையே அரிச்சுடும்னு அங்க சொல்றாங்க, இங்க தமிழர் பகுதில திண்ணையும் தாழ்வாரமுமா இருக்கற பழைய வீட்ல சிமென்ட் பூசி பூசி பொரிஞ்சு கிடக்கறத தினமும் பாக்கறேன். பீச் ரோட்டு மேரி கட்டடம், பிரெஞ்சுக்காரங்க காலத்து டவுன் ஹால், 2014 நவம்பர் மழைல இடிஞ்சு விழுந்துச்சே, பழைய கட்டடத்த கவனிக்கற வேலைய யாராவது இங்க முழுநேரமா படிக்கணும்னு மனசார நினைக்கறேன்.

ஃபீஸ் பவுண்டுல, கட்டற அன்னிக்கு ரேட் என்னவோ அதுதான், அதனால கொஞ்சம் கூடவே எடுத்து வைங்க. கவர்மென்ட் ஏ.இ. (அசிஸ்டென்ட் இன்ஜினியர்) வேலைக்கு பி.இ. கேப்பாங்க, அத நம்பி இதுல சேராதீங்க. கல்ஃப் போறவங்க, பெரிய கம்பெனி கான்ட்ராக்ட்ஸ் பக்கம் போறவங்க, ஆர்.ஐ.சி.எஸ்.னு இங்கிலாந்து சர்வேயர்கள் சங்கத்துல மெம்பர் ஆகணும்னு இருக்கறவங்க தாராளமா சேரலாம், சேர்ற கோர்ஸுக்கு அவங்க அங்கீகாரம் இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க.

கடைசி வருஷ ப்ராஜெக்ட்தான் ஆனர்ஸோட உயிரு, கேள்வியே நாமதான் கண்டுபிடிக்கணும். நான் தேவனாம்பட்டினம் பக்கம் வீடுகள்ல சன்ஷேடு ஏன் இவ்ளோ சீக்கிரம் கம்பி தெரியுதுன்னு எடுத்தேன். காங்கிரீட்டுக்கான ரூல் புக் ஐ.எஸ். 456 படி கடல் காத்து நேரா படற இடம் 'சிவியர்', அதாவது கடுமையான சூழல், அங்க எம்30 தர காங்கிரீட், கம்பிய மூடற காங்கிரீட் (கவர்) 45 மில்லிமீட்டர். பேந்து விழுந்த இடத்துல அளந்தேன், நான் பாத்த ஒரு வீட்லயும் அந்த 45 இல்ல, சில இடத்துல கம்பிய தூக்கி நிறுத்தற கவர் பிளாக்குக்கு பதிலா ஜல்லிய அண்டக் குடுத்து போட்டிருந்தாங்க. முதல்லயே சரியா போடறதுக்கு ஆகற கூடுதல் செலவு, பின்னாடி உடைச்சு பழுது பாக்கற செலவு, ரெண்டையும் போட்டுப் பாத்ததுதான் மொத்த ப்ராஜெக்டும்.

முடிச்சதும் அளக்க விட்ட வீட்டுக்காரங்களுக்கு தமிழ்ல ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தேன். போன மாசம் அதுல ஒரு அத்தை சன்ஷேடு புதுசா போடறாங்கன்னு கூப்டாங்க, கடைல 45 கவர் பிளாக் கிடைக்கல, மேஸ்திரி அண்ணே சாயந்திரமே கலவை போட்டு, 45க்கு அளந்து, வாசல்லயே வரிசையா வார்த்து வச்சிருந்தாரு.