பட்டறைக் கலைஞரா, கூத்து வாத்தியாரா: தோட்டப் பாடசாலைக்கு யார் தோது?

வகுப்பறைக்குள் கலைஞர் ஒருவரைக் கூப்பிடலாம் என்று முடிவெடுத்தால், இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு நடைமுறையில் இரண்டு வழிதான் உண்டு. கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ ஒருவர் வந்து, பெரும்பாலும் ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்தின் செலவில், ஓரிரு நாள் பட்டறை நடத்திவிட்டுப் போவது ஒன்று. பக்கத்து டிவிசனில் (தோட்டப் பிரிவில்) இருக்கும் கூத்து வாத்தியார் ஒரு தவணை முழுக்க வாரம் ஒரு பாடவேளை வந்து போவது மற்றது. எங்கள் பாடசாலையில் இரண்டும் நடந்தன. நான் வாத்தியார் கட்சி. என்னிடம் நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம்.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நேரசூசியில் இருக்கும் அழகியற் பாடத்தைப் பற்றியதல்ல இது. தரம் 6 முதல் சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் என்று ஏதாவது ஒன்றைப் பிள்ளை எடுக்கத்தான் செய்கிறது (எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரோ அதுதான் பிள்ளையின் 'விருப்பத் தெரிவு', அது வேறு கதை). கணிதமோ தமிழோ நடந்துகொண்டிருக்கும் வகுப்புக்குள் கலைஞர் வந்து நிற்பதைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

செலவு, மொழி, தூரம் இதெல்லாம் எல்லாரும் அறிந்தது. வெளியிலிருந்து வருபவருக்கு வாகனம், தங்குமிடம், சாப்பாடு வேண்டும். சிங்களத்தில் பேசுபவராக இருந்தால் மொழிபெயர்க்க ஒரு ஆளும் வேண்டும். வாத்தியார் நடந்தே வந்துவிடுவார்.

பட்டறைக்கும் அதற்குரிய மரியாதையைக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு வந்தவர் நாடக விளையாட்டுகளில் கெட்டிக்காரர். கடைசி வாங்கில் வாயே திறக்காமல் இருக்கும் பிள்ளைகளைக்கூட முதல் நாள் மத்தியானத்துக்குள் பேச வைத்துவிட்டார். 'இதற்கு இன்னொரு முடிவு சொல்லுங்கள்' என்று பிள்ளையிடம் கேட்கும் பழக்கம் அவரிடம் இருந்தது. கூத்து வாத்தியாரிடம் அது கிடையாது. அவருடைய முறை பார்த்துச் செய்வது, கேட்டுப் பாடுவது, பிசகினால் மறுபடி முதலிலிருந்து. சொந்தமாக ஒன்றை உண்டாக்குவதுதான் படைப்பாற்றல் என்றால் பட்டறைக்கே கூடுதல் புள்ளி. அதோடு, கலையையே தொழிலாக வைத்துப் பிழைக்கும் ஒருவரைக் கண்ணால் காண்பதும் எங்கள் பிள்ளைகளுக்குச் சின்ன விசயமில்லை.

அப்புறம் வாத்தியார். மன்மதன் கதையை மாசியில் ஆடும் காமன் கூத்தில் பல வருசம் ஆட்டம் பழக்கியவர், தப்பும் (தோல் கட்டிய பறை) அடிப்பார். நான் தரம் 7க்குக் கணிதம். பொ.ம.சி. பாடம், அதாவது பொது மடங்குகளுட் சிறியது, வழக்கமாக என்னிடம் படுத்துவிடும். வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் ஒவ்வொரு மூன்றாவது எண்ணுக்கும் ஒரு தட்டு, மறுபக்கம் ஒவ்வொரு நான்காவது எண்ணுக்கும் ஒரு தட்டு, எண்ணிக்கை குழம்பாமல் வாத்தியார் தப்பில் ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்று கேட்டிருந்தேன். பன்னிரண்டில் இரண்டு பக்கமும் சேர்ந்து விழுந்தது. வகுப்பே சிரித்தது. அடுத்தது நாலும் ஆறும். அடிப்பதற்கு முன்பே ஒரு பிள்ளை நாலை ஆறால் பெருக்கி 24 என்று கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தது. ஆனால் தட்டு மறுபடியும் பன்னிரண்டிலேயே சேர்ந்தது. 'ஏன் சேர் முந்திக்கிச்சு?' என்றது பிள்ளை. இரண்டு எண்ணுக்கும் 2 பொதுக் காரணி, அதனால்தான் 24இல் பாதியிலேயே சந்தித்துவிட்டன என்பதைச் சொல்லிக்கொடுக்க நான் எந்தப் பாடும் படவில்லை. வாத்தியாருக்கு இது ஒரு புதினமே இல்லை. 'ரெண்டு அடியும் கூடுற எடந்தானே சேர், அது தெரியாட்டி எப்படி ஆட்டத்த முடிக்கிறது?' என்றார்.

இதெல்லாம் இருந்தாலும் என்னை வாத்தியார் பக்கம் சாய்த்தது வேறொன்று. கலைஞர் போன பிறகு அந்த வேலையை யார் பராமரிப்பது? ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் வேறு எதையும் பார்க்காவிட்டாலும் இதைப் பார்க்க வேண்டும்.

பட்டறைக் காலத்தில் பிள்ளைகள் பின்சுவரில் அழகான ஒரு படம் தீட்டினார்கள். எங்கள் பக்கம் மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று பிடித்தால் சுவர் காய்வதே இல்லை. மழைக்காலம் முடிவதற்குள் பெயின்ட் செதில் செதிலாக உரிந்து, கீழ்ப்பாதியில் பாசி ஏறிவிட்டது. திருத்துவதென்றால் அதே பெயின்ட் வேண்டும். கண்டியில்தான் கிடைக்கும், விலையும் கைக்கு எட்டாது. நாடக விளையாட்டுகளும் அதே கதிதான். இரண்டை நான் தொடர்ந்து செய்துபார்த்தேன். எந்த இடத்தில் நிறுத்தி என்ன கேட்க வேண்டும் என்பது அவருடைய கைப்பக்குவம், கைநூலில் அது இல்லை. கேள்வி வந்தால் கேட்பதற்கும் ஆள் பக்கத்தில் இல்லை.

தப்புக்கும் அதே மழைதான் எதிரி. பனிமூட்டத்தில் தோல் ஈரத்தைக் குடித்துத் தொய்ந்துவிடும், அடித்தால் தொப்பென்று கேட்கும். அனலில் காய்ச்சினால்தான் தோல் இழுபட்டுக் கணீரென்று வரும். ஆனால் இந்தப் பராமரிப்பு இங்கேயே, பெரியவர் ஒருவர் நெருப்புக்குப் பக்கத்தில் நின்றால், நாலு சுள்ளியிலும் பழைய பேப்பரிலும் முடிந்துவிடுகிறது. ஈரமும் வெப்பமும் தோலை என்ன செய்கின்றன என்று விஞ்ஞான ஆசிரியை அதையே ஒரு பாடமாக்கிக்கொண்டார். செயற்கைத் தோல் போட்ட தப்பு இந்தத் தொல்லை தராது, சத்தமும் வேறு மாதிரி இருக்கும். தப்பு கிழிந்தால் யாரிடம் கொடுப்பது, பிள்ளை அடியை மறந்தால் யாரிடம் கேட்பது, எல்லாம் லயத்துக்குள்ளேயே (தொழிலாளர் வரிசை வீடுகளுக்குள்ளேயே) இருக்கிறது. வாத்தியார் வராத வாரத்தில் மாசியில் ஆடிய அண்ணன்மாரில் ஒருவர் வந்து நிற்பார்.

ஒரு சிக்கலை மறைக்கக் கூடாது. தப்பு என்றதும் சில பெற்றோர் முகம் சுளித்தார்கள். சாவு வீட்டு மேளத்தைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவருவதா என்றார்கள். அந்தக் கேள்விக்குள் சாதி உட்கார்ந்திருக்கிறது என்பது கேட்டவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். காமன் பண்டிகைக்கும் திருவிழாவுக்கும் அதே தப்புத்தானே என்று அதிபர் பொறுமையாகப் பேசினார். எல்லாரும் சமாதானமாகிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பட்டறைக்கு இந்தப் பிரச்சினை வராது. படிக்காத கூத்துக்காரருக்கு என்ன தகுதி என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்கு என் பதில்: 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழறிஞர் சு. வித்தியானந்தன் மாணவர்களுக்குக் கூத்துப் பழக்க மட்டக்களப்பிலிருந்து அண்ணாவிமாரை, அதாவது ஊர்க் கூத்து ஆசான்மாரைத்தான் அழைத்தார்.

காசு விசயத்தில் கறாராக இருங்கள். கொழும்பிலிருந்து வருபவருக்கு வாகனமும் விருந்தும் வைத்துவிட்டு, வாத்தியாரிடம் மட்டும் 'நம்ம பிள்ளைகளுக்குச் சேவைதானே' என்பது அநியாயம். அவரும் தோட்டத் தொழிலாளிதான். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்குப் போகாவிட்டால் அவருக்கு அன்றைக்குப் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. 2024இல் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபா. வருகிற ஒவ்வொரு நாளுக்கும் அப்போது நடப்பிலுள்ள நாட்சம்பளத்துக்குக் குறையாமல் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கொடுக்கட்டும். கவ்வாத்துக் காலத்தில் (தேயிலைச் செடியை வெட்டிவிடும் காலம்) அன்றைய வேலைக் கணக்கை வெள்ளென முடித்தால் கடைசிப் பாடவேளைக்கு வந்துவிடலாம், அவர் பேரும் போகாது.

நான் பார்த்தது தரம் 7 மட்டும். சாதாரண தர வகுப்பில், கடந்தகால வினாத்தாளுக்கு நடுவே, இது எடுபடுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அங்கே ஒரு நாள் பட்டறைதான் சரிப்படுமோ என்னவோ. உங்கள் தோட்டத்தில் கூத்தாடுகிறவர்களே இல்லை என்றாலும் பட்டறைக்குப் போவதைத் தவிர வழியில்லை. அப்படியானால் ஒரே நாளில் எல்லா வகுப்பையும் காட்டாமல், ஒரு வகுப்பையும் அதன் ஆசிரியரையும் மட்டும் அவரோடு முழு நேரமும் விடுங்கள். சுவரில் படம் வேண்டாம்.

வாத்தியார்தான் என்று முடிவானால், அதிபர் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவித்துவிடுவது நல்லது. முதலாம் தவணையில் தொடங்காதீர்கள். மாசியில் காமன் கம்பம் ஊன்றினால் வாத்தியாரைப் பிடிக்க முடியாது. மூன்றாம் தவணை பரீட்சைக்கே சரி. சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முடிந்த கையோடு இரண்டாம் தவணையில் தொடங்கலாம். சுள்ளியை மட்டும் மழைக்கு முன்பே பொறுக்கிக் கூரைக்குள் போட்டு வையுங்கள்.