பிள்ளைகளுக்குப் பியானோ வகுப்பு: கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு அம்மாவின் நீண்ட அனுபவம்

என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஆரம்பித்தாள், இப்போது ஒன்பதாம் வகுப்பு. அவளைப் பார்த்துத் தம்பியும் இரண்டு வருஷம் கழித்து உட்கார்ந்தான். இதற்குள் மாஸ்டர் மாறி, ஆன்லைன் மிஸ் வந்து, கீபோர்டு போய் டிஜிட்டல் பியானோ வந்து, நிறையப் பார்த்துவிட்டோம். தெரிந்தவர்கள் யார் வீட்டுக்கு வந்தாலும், "எங்க பொண்ணையும் சேர்க்கலாமா, எங்கே சேர்க்கலாம்" என்று கேட்கிறார்கள். தருமபுரியில் இருக்கும் என் நாத்தனாரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் சேர்த்து ஒரு வருஷம் போன பிறகு, இதுவரை பார்க்காத ஒரு சின்னப் பாட்டின் நோட்டேஷனை, அதாவது பாட்டைக் குறிகளாக எழுதிய தாளை, பிள்ளை முன்னால் வையுங்கள். யார் உதவியும் இல்லாமல், மெதுவாக, தட்டுத் தடுமாறியாவது இரண்டு கையாலும் வாசிக்கிறதா என்று பாருங்கள். வாசித்தால் வகுப்பு நல்ல வகுப்பு. சர்டிபிகேட், ஆண்டு விழா மேடை, வாட்ஸ்அப் வீடியோ எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அடுத்தது, பியானோவா கீபோர்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நம் பக்கம் வெளியே பியானோ வகுப்பு என்று போர்டு இருக்கும், உள்ளே 61 கட்டை கீபோர்டு இருக்கும். இரண்டும் வேறு வேறு. பியானோவில் 88 கட்டை, வெள்ளை 52, கறுப்பு 36. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் போய்க் கம்பியைத் தட்டுகிறது, அதனால் மெதுவாக அழுத்தினால் மெல்லிய சத்தம், வேகமாக அழுத்தினால் பெரிய சத்தம். விலை குறைந்த கீபோர்டு சிலவற்றில் எப்படித் தட்டினாலும் ஒரே சத்தம்தான் வரும். அதைவிடப் பெரிய வித்தியாசம் இடது கையில் இருக்கிறது. கீபோர்டு வகுப்பில் வலது கை பாட்டை வாசிக்கும், இடது கை கார்டு பிடிக்கும், அதாவது சில கட்டைகளைச் சேர்த்து ஒரே நேரத்தில் அழுத்தும், ரிதத்தை மிஷினே போட்டுவிடும். பியானோவில் இடது கைக்குத் தனி வேலை, நோட்டேஷனிலேயே அதற்குத் தனி வரிசை, இரண்டு வரிசையையும் கண் ஒரே நேரத்தில் படிக்க வேண்டும். சர்ச் கோயரில் வாசிக்க வேண்டும், சினிமாப் பாட்டு வாசிக்க வேண்டும், கச்சேரிக் குழுவில் சேர வேண்டும் என்று பிள்ளைக்கு ஆசை இருந்தால் கீபோர்டே சரி, அது ஒன்றும் குறைந்த படிப்பு இல்லை. இசைத் தேர்வு நடத்தும் டிரினிட்டி காலேஜ் லண்டன் இரண்டுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம், தனித்தனித் தேர்வு வைத்திருக்கிறது. நீங்கள் எதற்குப் பணம் கட்டுகிறீர்கள் என்பதை முதல் நாளே வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

வாங்குவது பற்றி. நாங்கள் டச் ரெஸ்பான்ஸ், அதாவது அழுத்தும் வேகத்துக்கு ஏற்றபடி சத்தம் மாறும் வசதி, உள்ள 61 கட்டை கீபோர்டில்தான் தொடங்கினோம், பிள்ளைக்குப் பிடிக்கிறதா என்று பார்க்க அது போதும். டச் ரெஸ்பான்ஸ் இல்லாததை மட்டும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். பிடித்துவிட்டது, பியானோதான் என்று முடிவானால் 88 கட்டை, வெயிட்டட் கீ, அதாவது மரப் பியானோ மாதிரி கனமாக அழுந்தும் கட்டை, உள்ள டிஜிட்டல் பியானோவுக்கு மாறித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் விரலில் பலம் வராது, படிப்படியாக எழுதும் பியானோ கிரேடு தேர்வுக்கும் அந்த மாதிரி வாத்தியம் வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு 90 கிலோமீட்டர்தான், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்க் கையால் வாசித்துப் பார்த்து வாங்கினோம், அது ரொம்ப நல்லதாகப் போயிற்று. ஒரிஜினல் மரப் பியானோ செகண்ட் ஹேண்டில் வருகிறது என்று யாராவது சொன்னால் நன்றாக யோசியுங்கள். அதில் 200க்கும் மேல் கம்பிகள், வருஷத்துக்கு ஒருமுறையாவது டியூன் செய்ய வேண்டும், அதற்கு ஆளை வெளியூரிலிருந்துதான் வரவழைக்க வேண்டியிருக்கும். கரண்ட் விஷயத்தையும் மறக்க வேண்டாம். சின்ன கீபோர்டு பேட்டரியில் ஓடும், 88 கட்டை மாடல் பலவற்றில் பேட்டரி போடவே இடம் இருக்காது. வோல்டேஜ் ஏறி இறங்கி எங்கள் அடாப்டர் ஒன்று போய்விட்டது, அப்புறம் நல்ல ஸ்பைக் கார்டு போட்டோம், இடி மின்னல் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிடுகிறோம்.

உட்காரும் உயரத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. முழங்கை கட்டையின் மட்டத்துக்கு வர வேண்டும், கால் தொங்கக் கூடாது. தம்பிக்கு நாற்காலியில் தலையணை, காலுக்குக் கீழே மணை. அதற்கப்புறம் தோள் வலிக்கிறது என்று சொல்வதை நிறுத்திவிட்டான்.

இனி வாத்தியார். முதலில் சேர்த்த வகுப்பில் கிரேடு, கிரேடு என்றே பேச்சு. டிரினிட்டி கிரேடு தேர்வில் மூன்று பாட்டு வாசிக்க வேண்டும், கூடவே ஸ்கேல் (ஸ்வரங்களை ஏறி இறங்கி வரிசையாக வாசிப்பது) மாதிரி டெக்னிக்கல் வேலை, காதால் கேட்டுச் சொல்வது, பார்த்தவுடன் வாசிப்பது என்று இன்னும் சில இருக்கும். 60 மார்க் எடுத்தால் பாஸ், 75 மெரிட், 87 டிஸ்டிங்ஷன். அந்த வகுப்பில் வருஷம் முழுக்க அந்த மூன்று பாட்டு மட்டும்தான் ஓடியது. விரலை இங்கே வை, அங்கே வை என்று மனப்பாடமாகவே ஏற்றிவிட்டார்கள். மகளுக்கு மார்க் நன்றாக வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் ஒரு பிறந்தநாளுக்கு அவள் தோழி கொடுத்த சின்னப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, முதல் வரியிலேயே எந்த நோட் என்று தெரியாமல் அழுதாள். கிரேடு முடித்த பிள்ளை! எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

அடுத்து வந்த மாஸ்டர் சர்ச்சில் பல வருஷம் வாசித்தவர், பேச்சு கம்மி. அவர் ஒவ்வொரு வகுப்பிலும் முதல் ஐந்து நிமிஷம் புதிதாக ஒரு எட்டு பார் (நோட்டேஷனில் கோடு போட்டுப் பிரித்த சின்னப் பகுதி) வாசிக்க வைப்பார், தப்பு வந்தாலும் நிறுத்தாமல் போ என்பார். பழைய பாட்டு அதற்கு அப்புறம். மூன்று நான்கு மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது. பரீட்சைக்கு எதிராக நான் பேசவில்லை, ஒரு இலக்கு இருந்தால் பிள்ளைகள் உழைக்கிறார்கள், எங்கள் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். ஆனால் ஒரு கிரேடுக்கும் அடுத்த கிரேடுக்கும் நடுவில் பரீட்சையில் இல்லாத பாட்டு எத்தனை சொல்லித் தருவீர்கள் என்று கேளுங்கள், பதிலிலேயே வாத்தியார் யார் என்று தெரிந்துவிடும். இன்னொன்று, ஏபிஆர்எஸ்எம் என்ற இன்னொரு தேர்வு அமைப்பின் வழியில் போனால் ஆறாம் கிரேடுக்கு முன்னால் ஐந்தாம் கிரேடு தியரியோ (இசை விதிகளைப் பற்றிய தேர்வு) அதற்கு ஈடான அவர்களின் தேர்வோ முடித்திருக்க வேண்டும். டிரினிட்டியில் அப்படிக் கட்டாயம் இல்லை. இரண்டிலுமே வீடியோ எடுத்து அனுப்பித் தேர்வு எழுதும் வழி இருக்கிறது, நம்மைப் போன்ற ஊர்க்காரர்களுக்கு அது பெரிய உதவி. இந்த சர்டிபிகேட்டால் பின்னால் சீட் கிடைக்கும் என்று ஆசை காட்டினால் நம்பாதீர்கள். தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் ஸ்போர்ட்ஸ் கோட்டா உண்டு, மியூசிக்குக் கிடையாது.

தனி வகுப்பு என்றால் ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் ஒரே அறையில். அதனால் கதவு திறந்திருக்க வேண்டும், பெற்றோர் யாராவது உள்ளேயோ பார்வை படும் இடத்திலோ உட்கார வேண்டும். இதற்குச் சங்கடப்படும் வகுப்பில் சேர்க்கவே வேண்டாம், அவர் எவ்வளவு பெரிய வித்துவானாக இருந்தாலும். எங்கள் மாஸ்டர் கை வைக்கும் விதத்தைத் தன் கையில் காட்டுவார், விரலைப் பிடித்துத் திருத்த வேண்டும் என்றால் பிள்ளையிடம் கேட்டுவிட்டுத்தான் தொடுவார். பிள்ளை திடீரென்று வகுப்புக்குப் போக மாட்டேன் என்றால் திட்டாமல் காரணம் கேளுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். கூட உட்காருவதில் இன்னொரு நன்மையும் உண்டு, எதைத் திருத்தினார் என்று வீட்டில் ஞாபகப்படுத்த முடியும்.

வீட்டில் நடப்பதுதான் பாதிக்கு மேல். வாரத்தில் ஒரு அரை மணி நேர வகுப்பு, மற்ற நாளெல்லாம் கீபோர்டு உறைக்குள் என்றால் பணம் வீண். தினமும் 15, 20 நிமிஷம் போதும், ஆனால் தினமும். நாங்கள் ஸ்கூல் விட்டு வந்து டிபன் சாப்பிட்டதும் என்று வைத்தோம், டியூஷனுக்குப் போகும் முன்னால். பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டுவது பயிற்சி இல்லை. தடுக்குகிற நாலு பாரை மட்டும் எடுத்து, வலது கை தனி, இடது கை தனி, அப்புறம் இரண்டும் சேர்த்து மெதுவாக வாசிக்க வேண்டும், சரியாக வந்தபின்தான் வேகம். பியானோவைத் தனி ரூமில் வைக்காமல் கூடத்தில் வையுங்கள். ஹெட்போன் போடும் வசதி அதிகாலையில், பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு ஆகும் நேரத்தில் நல்லது, ஆனால் எப்போதும் ஹெட்போனில் வாசித்தால் அந்தக் குழந்தையை யாரும் கேட்பதே இல்லை. எங்கள் வீட்டில் ஆயா பூத்தொடுத்துக்கொண்டே கேட்பார், "நேத்து வாசிச்சதை இன்னொரு தரம் வாசி கண்ணு" என்பார். தம்பி இன்றுவரை விடாமல் வாசிப்பதற்கு அந்த ஒரு வார்த்தைதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

கட்டணத்தை மாதக் கணக்கில் பேசும்போதே, விட்டுப்போன வகுப்பு திரும்ப உண்டா, மே மாத லீவுக்கும் கட்ட வேண்டுமா, புத்தகமும் பரீட்சைப் பணமும் சேர்த்தா தனியா என்று கேட்டுவிடுங்கள். பரீட்சைப் பணம் கிரேடு ஏற ஏறக் கூடும்.

ஆன்லைன் வகுப்பு கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்குச் சரி, ஆரம்பிக்கும் சின்னப் பிள்ளைக்கு வேண்டாம், கை வைக்கும் விதம் திரையில் சரியாகத் தெரியாது. எடுத்தால் போனை முகத்துக்கு நேராக வைக்காமல் பக்கவாட்டில், இரண்டு கையும் முழங்கையும் தெரியும்படி வையுங்கள். ஜூமில் ஒரிஜினல் சவுண்ட் என்ற அமைப்பை ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் அது பியானோ சத்தத்தை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். எங்களுக்கு இது தெரியும்வரை மிஸ்ஸுக்குப் பாதி நோட் கேட்கவே இல்லை. நெட் தாமதத்தால் இருவரும் சேர்ந்து வாசிக்க முடியாது, அதை எதிர்பார்க்க வேண்டாம்.

இப்போது மகளுக்கு அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு. "போதும், நிறுத்திடு" என்று சொந்தத்தில் எல்லோரும் சொல்கிறார்கள், நம் பக்கம் வழக்கமும் அதுதான். நான் நிறுத்தப் போவதில்லை. மாஸ்டரிடம் பேசி மாதம் இரண்டு வகுப்பாகக் குறைத்திருக்கிறோம், கிரேடு எழுதுவதைத் தள்ளி வைத்தாயிற்று. அவளாகவே ஒரு புத்தகத்திலிருந்து பாட்டை எடுத்து வாசிக்கிறாள், தெரியாத இடத்தைப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்து வகுப்பில் கேட்கிறாள்.