அப்கிரேடு முடிந்து வந்த கம்ப்யூட்டரில் வைஃபை இழுக்கவில்லையா? ரவுட்டரை மாற்றாதீர்கள், முதலில் சிபியுவின் முதுகைப் பாருங்கள்

மூன்று வாரம் அலைந்து, மூன்று முறை வீணாகப் பணம் கட்டிவிட்டு இதை எழுதுகிறேன். டெஸ்க்டாப்பை அப்கிரேடு செய்யக் கொடுத்திருப்பவர்களும் கொடுக்கப் போகிறவர்களும் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

என் பழைய கம்ப்யூட்டரில் மதர்போர்டு, பிராசசர், ராம் மூன்றையும் மாற்றி, கூடவே ஒரு கிராஃபிக்ஸ் கார்டும் போட்டுத் தரச் சொல்லி ஒரு சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். பழைய போர்டில் வைஃபை கிடையாது, அதனால் இரண்டு ஆன்டெனா வைத்த தனி வைஃபை கார்டு ஒன்று போட்டிருந்தேன், ஐந்து வருஷமாக ஒரு குறையும் வைக்காமல் ஓடிய கார்டு அது. புது போர்டிலேயே வைஃபை இருக்கிறது, இனி இது தேவையில்லை என்று சொல்லிக் கழற்றிவிட்டார்கள். நானும் சரி என்றேன். அந்தக் கார்டையும் புது போர்டு வந்த அட்டைப்பெட்டியையும் அன்றைக்கே கேட்டு வாங்கியிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

வீட்டுக்கு வந்து ஆன் செய்தால் மற்ற எல்லாம் பறக்கிறது, வைஃபை மட்டும் தள்ளாடுகிறது. ரவுட்டர் இருப்பது பக்கத்து அறையில், நடுவில் ஒரே ஒரு சுவர். முன்பு சிக்னல் முழுசாக நின்ற அதே இடத்தில் இப்போது ஒரு கோடு, சில நேரம் அதுவும் இல்லை. ரவுட்டர் தரும் இரண்டு அலைவரிசைகளில் வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பின் பெயர் பட்டியலிலேயே வரவில்லை, வேகம் குறைந்த 2.4 மட்டும் வந்து வந்து போனது. அலுவலக வீடியோ மீட்டிங்கில் நான் பேசுவது பாதிதான் மற்றவர்களுக்குக் கேட்டது. அப்புறம் ப்ளூடூத் ஹெட்செட், நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினாலே கரகரவென்று விட்டு விட்டுக் கேட்டது. இந்த ஹெட்செட் விஷயத்தைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

போன் செய்தேன். “உங்க ரவுட்டர் பழசு மேடம், புது போர்டுக்கு அது ஈடு கொடுக்காது” என்றார்கள். நம்பி அவர்களிடமே புது ரவுட்டர் வாங்கினேன். ஒன்றும் மாறவில்லை. “அப்போ லைன்லதான் பிரச்சினை, நெட் கொடுக்கிறவங்களைக் கேளுங்க.” நெட்காரர் வந்து ரவுட்டரிலிருந்து நேராக ஒரு கேபிளை இழுத்து கம்ப்யூட்டரில் செருகினார், முழு வேகமும் வந்தது. செல்போனைக் கேபினட் மேலேயே வைத்து வைஃபையில் வேகம் பார்த்தார், அதிலும் முழுசாக வந்தது. “லைனும் சரி, ரவுட்டரும் சரி, உங்க சிபியுலதான் ஏதோ” என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நிமிஷ வேலை. இதை அந்த சர்வீஸ் சென்டரில் யாரும் செய்யச் சொல்லவில்லை.

இதைப் போய்ச் சொன்னால், விண்டோஸ் கெட்டிருக்கும் என்று ஃபார்மேட் செய்து அதற்கு ஒரு பில். அதுவும் பலிக்காமல் போனதும், போர்டில் உள்ள வைஃபை சிப்பே வீக் என்று சொல்லி ஒரு யுஎஸ்பி டாங்கிள் விற்றார்கள், அதாவது யுஎஸ்பி துளையில் செருகும் சின்ன வைஃபை கருவி. அதைப் பின்பக்கம் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்து துளையில் செருகிக் கொடுத்தார்கள். ஹார்ட் டிஸ்க்கில் ஃபைல் காப்பி ஆகும்போதெல்லாம் நெட் படுத்துவிடும். யுஎஸ்பி 3.0 கருவிகளிலிருந்தும் அதன் கேபிளிலிருந்தும் கிளம்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வந்து விழுகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் ஆவணம் வெளியிட்டிருக்கிறது, அதைப் பிறகுதான் படித்தேன். டாங்கிள் வைத்திருப்பவர்கள் ஒரு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு அதை அந்தத் துளைகளிலிருந்து தள்ளி வையுங்கள், வித்தியாசம் தெரியும்.

அப்படி ஒரு எக்ஸ்டென்ஷன் மாட்டுவதற்காகக் கேபினட்டைத் திருப்பியபோதுதான் பார்த்தேன். மானிட்டர், கீபோர்டு எல்லாம் செருகும் அதே வரிசையில், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக, தங்க நிறத்தில் மரை போட்ட இரண்டு குமிழ்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றின் மேல் கறுப்பு பிளாஸ்டிக் மூடிகூட எடுக்கப்படாமல் இருந்தது. ஆன்டெனா திருகும் இடம் அது. ஆன்டெனா இல்லவே இல்லை.

ஆன்டெனா இல்லாமலும் வைஃபை கொஞ்சம் வேலை செய்யும், அதுதான் நம்மை ஏமாற்றுவது. மொத்தமாக இல்லையென்றால் உடனே கண்டுபிடித்துவிடுவோம். அந்தக் குமிழே கொஞ்சம் சிக்னலைப் பிடித்துவிடுகிறது, நாமும் ரவுட்டர் சரியில்லை, சுவர் மறைக்கிறது என்று வேறு எதையாவது சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்போம். அதோடு குமிழ்கள் இருப்பது ஒரு இரும்புப் பெட்டிக்குப் பின்னால். இப்போது ஹெட்செட்டுக்கு வருகிறேன். போர்டில் உள்ள வைஃபையும் ப்ளூடூத்தும் பெரும்பாலும் ஒரே சின்னக் கார்டில் இருக்கின்றன, இரண்டுக்கும் அதே ஆன்டெனாதான். ஹெட்செட்டுக்கும் ரவுட்டருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இரண்டும் ஒரே நாளில் நொண்ட ஆரம்பித்தால் கோளாறு ரவுட்டரில் இருக்க வழியே இல்லை. முதல் போன் பேச்சிலேயே ஹெட்செட் பற்றிச் சொன்னேன், கேட்டுக்கொண்டே ரவுட்டர் விற்றார்கள்.

போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் மேனுவலை எடுத்துப் பார்த்தேன். பெட்டிக்குள் என்னென்ன இருக்கும் என்ற பட்டியலில் ஆன்டெனா இருந்தது. போன் செய்து கேட்டால், “அது ஆப்ஷனல் மேடம், வேணும்னா தனியா வாங்கிக்கலாம்” என்கிறார்கள்! மேனுவலின் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு நேரில் போனேன். கவுண்டரில் இருந்தவர் ஒன்றும் பேசாமல் ஒரு டிராயரை இழுத்தார். உள்ளே உறை பிரிக்காத ஆன்டெனாக்கள், ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரு கை நிறைய அள்ளலாம். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் காசு கொடுத்து வாங்கிய போர்டோடு வந்ததுதானே என்று கேட்டேன். அதில் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார், அவ்வளவுதான்.

அது காந்த அடி வைத்த வகை. இரண்டு ஒயரையும் கையாலேயே திருகி, ஆன்டெனாவை மேஜை மேல் தூக்கி வைத்தேன். விண்டோஸில் கட்டளை அடிக்கும் கமாண்ட் பிராம்ப்ட் திரையில் “netsh wlan show interfaces” என்று அடித்தால் சிக்னல் எத்தனை சதவீதம் என்று காட்டும். மாட்டும் முன் 40, மாட்டிய பின் 80. இரண்டு மடங்குதானே என்று நினைக்காதீர்கள். சிக்னலின் சக்தியை அளக்கும் அலகு டிபிஎம். விண்டோஸ் கணக்கில் 40 என்பது மைனஸ் 80 டிபிஎம், 80 என்பது மைனஸ் 60 டிபிஎம். நடுவில் உள்ள 20 டெசிபல் என்பது 100 மடங்கு சக்தி. 5 கிகாஹெர்ட்ஸும் பட்டியலுக்கு வந்துவிட்டது, ஹெட்செட் அடுத்த அறை வரை கேட்கிறது. டாங்கிளைக் கழற்றிவிட்டேன்.

ஆன்டெனா மாட்டியிருந்தும் சிக்னல் குறைவாக இருந்தால், அது கேபினட்டுக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். மரை கடைசி வரை திருகியிருக்கிறதா என்றும் தொட்டுப் பாருங்கள், இரண்டில் ஒன்று லூசாக இருந்தாலும் வேகம் விழும். அதுவும் சரியென்றால் போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து வைஃபை டிரைவரை, அதாவது வைஃபையை இயக்கும் மென்பொருளை, இறக்கிப் போடுங்கள். இதையெல்லாம் பார்த்த பிறகு ரவுட்டரைப் பற்றிப் பேசினால் போதும். கடையில் கொடுக்கும்போது கேபினட்டைத் திறந்து உள்ளேயும் பின்னாலும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது புதுப் பாகங்களின் பெட்டிகளையும் கழற்றிய பழைய பாகங்களையும் கேளுங்கள், எதையும் விட்டுவிட்டு வராதீர்கள்.

ரவுட்டரையும் டாங்கிளையும் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்கிறார்கள். என் பழைய வைஃபை கார்டு ஸ்கிராப்பில் போய்விட்டதாம். மூன்று பில்களின் நகலையும் மேனுவல் பக்கத்தையும் இணைத்து, பணத்தையும் கார்டையும் எழுத்து மூலமாகக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.