ரூட்டிங் மாற்றத்தைச் சோதிக்க: ரம்ப்பா, ஜெயிலா, நேம்ஸ்பேஸா?

இயங்குதளத்தின் மையமான கெர்னலில், தகவல் எந்த வழியாகப் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் ரூட்டிங் கோடில் ஒரு வரி மாற்றினாலும் அதைச் சோதிக்க மூன்று கணினி வேண்டும்: அனுப்ப ஒன்று, நடுவில் ரூட்டராக ஒன்று, வாங்க ஒன்று. இப்போது இந்த மூன்றையும் ஒரே லேப்டாப்புக்குள் ஷெல் ஸ்கிரிப்ட்டே கட்டிவிடுகிறது. எப்படிக் கட்டுவது என்பதில் நெட்பிஎஸ்டி, ஃப்ரீபிஎஸ்டி, லினக்ஸ் என்ற மூன்று இயங்குதளங்களும் ஆளுக்கொரு வழி. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரூட்டிங் டேபிளின் (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியல்) உள்கட்டமைப்பையே பிரித்து மேய்கிறவருக்கு நெட்பிஎஸ்டி வழிதான் நிம்மதி. மற்ற வேலைகளுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

நெட்பிஎஸ்டியில் இருப்பது ஆன்டி கான்டீ உருவாக்கிய ரம்ப் கெர்னல். கெர்னலின் நெட்வொர்க் பகுதியை மட்டும் ஒரு சாதாரண ப்ராசஸாக (மற்ற நிரல்களைப் போல) ஓடவிடலாம். ஒரு ரம்ப் சர்வர் என்றால் ஒரு கணினி. கேபிளுக்குப் பதில் ஒரு கோப்பு. இரண்டு சர்வரும் அதே கோப்பைப் பிடித்துக்கொண்டால் கம்பி போட்ட மாதிரி. ரூட் (root, நிர்வாகி) அனுமதியும் தேவையில்லை. உங்கள் மாற்றத்தில் பிழை இருந்தால் கோர் டம்ப்போடு (விழுந்த நேரத்து நினைவகப் பதிவு) அந்த ப்ராசஸ் மட்டும் விழும். ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் அதைத் திறந்து எந்த வரி என்று பார்த்துவிட்டு மறுபடி ஓட்டலாம். எடிட்டரில் திறந்திருந்த கோப்பு அப்படியே இருக்கும்.

இதன் அருமை 2016-ல் தெரிந்தது. அதுவரை ஏஆர்பி பதிவுகளும் (பக்கத்துக் கணினியின் ஐபி முகவரிக்கு எந்த வன்பொருள் முகவரி என்ற குறிப்பு) ரூட்டிங் டேபிளுக்குள்ளேயே குடியிருந்தன. அவற்றைத் தனியாகப் பிரித்தார்கள். நெட்பிஎஸ்டி 8-ல் அது வெளிவந்தது. வீட்டின் நடுச்சுவரை இடிப்பது போன்ற வேலை. நெட்ஸ்டாட் கட்டளை காட்டும் ரூட்டிங் பட்டியலே மாறிப்போனதால், அந்த வரிகளை ஒப்பிட்டுப் பார்த்த டெஸ்ட்களையும் கூடவே திருத்த வேண்டியிருந்தது. டெஸ்ட்டை மாற்றுவதைச் சிலர் ஏமாற்று வேலை என்பார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. பயனர் கண்ணுக்கு என்ன மாறப்போகிறது என்று தெரிந்துகொள்ள நான் முதலில் படிப்பது அந்தத் திருத்தத்தைத்தான், கெர்னல் கோடை அப்புறம்.

தொல்லையும் இருக்கிறது. ஐஎஃப்கான்ஃபிக், ரூட் (route) என நெட்வொர்க் கட்டளைகள் எல்லாவற்றுக்கும் ரம்ப் பதிப்பைத்தான் கூப்பிட வேண்டும். எந்தக் கணினியிடம் பேசுகிறோம் என்பதை ஷெல்லில் வைக்கும் ஒரு சூழல் மாறிதான் தீர்மானிக்கும். ரூட்டருக்குக் கொடுத்த முகவரியை அதே மாறியோடு அடுத்த கணினிக்கும் கொடுக்கப் பார்த்து முழித்திருக்கிறேன். தவிர, நிஜ வன்பொருளில் பல சிபியுக்கள் ஒரே லாக்குக்கு (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டு) முட்டிக்கொள்வதை இங்கே அப்படியே வரவழைக்க முடியாது.

ஃப்ரீபிஎஸ்டி அந்தப் பக்கம் போகவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்குள்ளேயே விநெட் ஜெயில் (தனி நெட்வொர்க் கொண்ட தடுப்பறை) போட்டு, ஒவ்வொரு ஜெயிலுக்கும் தனி ரூட்டிங் டேபிள் கொடுக்கிறது. 12.0 முதல் பொதுக் கெர்னலிலேயே இந்த வசதி உண்டு. பிஎஃப் ஃபயர்வால் டெஸ்ட்களைத் திறந்தால் ஜெயிலின் பெயர் அல்காட்ராஸ், அமெரிக்காவின் பழைய சிறைத் தீவு! ஈபேர் என்ற இரட்டை இன்டர்ஃபேஸின் ஒரு முனையை உள்ளே தள்ளி, 192.0.2.2 என்று முகவரி கொடுத்து, வெளியிலிருந்து ஒரு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை). படிக்க அவ்வளவு சுலபம். சோதனை பாதியில் தோற்றாலும் சுத்தம் செய்யும் பகுதி தனி ப்ராசஸாக ஓடும். எந்த ஜெயில், எந்த இன்டர்ஃபேஸ் உருவானது என்று ஸ்கிரிப்ட் ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்வது அதற்காகத்தான். ஆனால் ரூட் அனுமதி வேண்டும். கெர்னல் பானிக் ஆனால் (நிலைகுலைந்து நின்றால்) மெஷினே போச்சு. அதனால் மெய்நிகர் கணினிக்குள் வைத்து ஓட்டுவதுதான் புத்திசாலித்தனம். ஃபயர்வாலும் ரூட்டிங்கும் சேர்ந்து வேலை செய்கிற இடத்தில் நிஜக் கெர்னலைச் சோதிக்கிறோம் என்ற திருப்தி கிடைக்கும். அங்கே என் ஓட்டு இதற்குத்தான்.

லினக்ஸில் ஜெயிலுக்குப் பதில் நெட்வொர்க் நேம்ஸ்பேஸ், ஈபேருக்குப் பதில் வீத் இணை, அமைக்க ஐபி கட்டளை. அமைப்பு கிட்டத்தட்ட ஜெயில் மாதிரிதான். பிஎஸ்டி பக்கம் ஏடிஎஃப் என்ற ஒரே டெஸ்ட் சட்டகம் இருக்க, இங்கே பல ஸ்கிரிப்ட்கள் பாஸ், ஃபெயில் கணக்கைத் தாங்களே வைத்துக்கொள்கின்றன. ரூட் அனுமதி இல்லாமல் ஓட்டினால், ரூட்டிங் டேபிளைச் சோதிக்கும் எஃப்ஐபி டெஸ்ட் ஸ்கிரிப்ட் 4 என்ற எண்ணோடு வெளியேறும். தவிர்க்கப்பட்டது என்று பொருள். அதைப் பாஸ் என்று நினைத்துக் கடந்து போகிறவர்கள் உண்டு.

ஒரு வழியிலிருந்து இன்னொன்றுக்கு டெஸ்ட்டைக் கொண்டுபோகும்போது ஒரு சின்ன எழுத்து படுத்தும். ஃப்ரீபிஎஸ்டியில் பிங்குக்கு '-t 1' (சின்ன t) கொடுத்தால் ஒரு நொடியில் நிறுத்து என்று பொருள். லினக்ஸில் அதே எழுத்து டிடிஎல், அதாவது பாக்கெட் எத்தனை தாவல் வரை போகலாம் என்ற வரம்பு. பக்கத்துக் கணினிக்குப் பிங் போகும். நடுவில் ரூட்டர் வந்தால் போகாது. ரூட்டிங் பேட்ச்தான் உடைந்துவிட்டது என்று நம்பி ஒரு மாலை முழுக்கக் கெர்னலைத் துழாவியவன் நான். பேட்ச் சரியாகத்தான் இருந்தது.