பெங்களூரில் அப்பாவின் இதயமும் ஒரு ஸ்டெம் செல் பேக்கேஜும்

இந்த முறை டொரான்டோவிலிருந்து ஊருக்குப் போனது அப்பாவின் இதயத்துக்காகத்தான். போன வருடம் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் எக்கோவில் ஈ.எஃப். என்று ஒரு எண் போடுவார்களே, இதயம் நிரம்பும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு, அது 28-ல் நின்றுவிட்டது. நல்ல இதயத்துக்கு 55-க்கு மேல் இருக்கும். அல்சூர் வீட்டு மாடிப்படியை ஏறி முடிப்பதற்குள் அப்பா நடுவில் ஒருமுறை உட்கார வேண்டியிருக்கிறது.

நான் இறங்குவதற்கு முன்பே சித்தி ஒரு தனியார் கிளினிக்கில் அப்பாயின்ட்மென்ட் வாங்கி வைத்திருந்தார். "ஸ்டெம் செல் ஊசி போட்டா ஹார்ட் திரும்ப வளருமாம்டா. பணம் ஆனா ஆகட்டும், நீ இருக்கியே" என்றார். ஸ்டெம் செல் என்றால் வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல். சித்திக்கு அக்கா புருஷன் பிழைக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பாசத்தைத்தான் இந்தக் கடைகள் காசாக்குகின்றன.

கிளினிக்கில் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே கவுன்சிலர் ஒருவர் வந்து அழகான தமிழில் பேசினார். மூன்று ஊசி, நாலரை லட்சம், இன்றே அட்வான்ஸ் கட்டினால் தள்ளுபடி, வெளிநாட்டுக் கார்டும் செல்லும். "சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் என்ன மேடம்?" என்று கேட்டேன். இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகளைப் பதிவு செய்யும் அரசுத் தளம் அது. "அது ஆராய்ச்சிக்கு சார். நாங்க ட்ரீட்மென்ட் தர்றோம்" என்றார். அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மில் பலர் இதே வாசலில் நிற்கப் போகிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரும் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற சிலவற்றைத் தவிர, ஸ்டெம் செல்லை நோயாளிக்குக் கொடுப்பது எல்லாமே ஆராய்ச்சிதான். அனுமதி பெற்ற, சி.டி.ஆர்.ஐ. தளத்தில் பதிவான சோதனையில் மட்டும்தான் கொடுக்கலாம். அதற்கு நோயாளியிடம் காசு வாங்கவும் கூடாது. இதயத்துக்கு ஸ்டெம் செல் என்று சொல்லி ரசீது நீட்டினால், அங்கேயே எழுந்துவிடலாம்.

ஆராய்ச்சியில் நம்பிக்கை இல்லாமல் இதைச் சொல்லவில்லை. பெரிய மாரடைப்பில் சுமார் நூறு கோடி தசைச் செல்கள் வரை செத்துப்போகலாம். வளர்ந்தவரின் இதயமோ வருடத்துக்கு ஒரு சதவீதம் அளவுக்குக்கூடச் செல்களைப் புதுப்பிப்பதில்லை. அந்த இடத்தை நிரப்ப முடியுமா என்று உலகம் முழுக்க இருபது வருடத்துக்கும் மேலாக முயல்கிறார்கள். ஊசியில் போன செல்களில் பெரும்பாலானவை இதயத்தில் தங்குவதில்லை என்பது முதல் தலைவலி. இதயம் பலவீனமானவர்களுக்குச் செல் ஊசி போட்டுப் பார்த்த டிரீம் எச்.எஃப். சோதனையின் முடிவு 2023-ல் வெளிவந்தது, அதில் 500-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்தார்கள். மூச்சுத்திணறி மறுபடி மறுபடி ஆஸ்பத்திரிக்கு வருவது அதில் குறையவில்லை. மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்ததற்கு ஒரு தடயம் கிடைத்தது, அதை இனிமேல்தான் உறுதிப்படுத்த வேண்டும். இதயத்திலேயே ஸ்டெம் செல் இருக்கிறது என்று கொண்டாடப்பட்ட அமெரிக்க ஆய்வுகளில் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறும்படி 2018-ல் ஹார்வர்டே சொன்னது. இன்னொரு பக்கம், ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழகத்தினர் ஐ.பி.எஸ். செல்லிலிருந்து (சாதாரணச் செல்லை ஸ்டெம் செல் போல மாற்றியது) வளர்த்த இதயத் தசைத் தாளை 2020 ஜனவரியில் முதல் நோயாளியின் இதயத்தின் மேல் ஒட்டினார்கள். எனக்கு அதில் உண்மையாகவே நம்பிக்கை இருக்கிறது. பெங்களூரிலேயே பெல்லாரி ரோட்டில், ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இன்ஸ்டெம் என்ற ஸ்டெம் செல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் உள்ள ஸ்டெம் செல் ஆய்வு மையம் அதன் கிளைதான். அங்கெல்லாம் யாரும் பேக்கேஜ் விற்பதில்லை.

சரி, அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அடுத்து ஜெயதேவா இதய ஆஸ்பத்திரிக்குப் போனோம், அரசு ஆஸ்பத்திரி. விடியற்காலையிலேயே கூட்டம், டோக்கனுக்கு வரிசை, ஃபைலோடு கவுன்டர் கவுன்டராக அலைச்சல். எல்லாம் உண்டு. நர்ஸ் கன்னடத்தில் ஆரம்பித்து, அப்பா முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். கணுக்காலுக்கு மேல் கட்டை விரலால் அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது, உடம்பில் நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம். உப்புதான் அவருக்குச் சந்தேகம், "ஊறுகாய், அப்பளம் சாப்பிடுறீங்களா தாத்தா?" என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார்.

டாக்டர் மருந்துச் சீட்டைப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்றார். இதயச் செயலிழப்புக்கு இன்று நான்கு வகை மருந்து அடிப்படை: பீட்டா பிளாக்கர், சாக்குபிட்ரில்-வல்சார்டன், ஸ்பைரனோலாக்டோன், டாபாகிளிஃபிளோசின். ஆயுளைக் கூட்டுவதாகப் பெரிய சோதனைகளில் நிரூபணமானவை. அப்பா இத்தனை மாதமாக விழுங்கியது அதில் ஒன்றை மட்டும், அதுவும் ஆரம்ப அளவில். நாலரை லட்சத்துக்கு ஊசி போடப் பார்த்தோம், கையெட்டும் தூரத்தில் இருந்த மூன்று மாத்திரையை யாரும் எழுதித் தரவில்லை. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் பார்த்துப் பார்த்துத்தான் அளவைக் கூட்டுவார்களாம். சிலவற்றை அரசின் மலிவு விலை மருந்துக் கடையான ஜன் ஔஷதியிலேயே வாங்கினோம். தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே சொல்ல வேண்டும் என்றார்கள். எடை மெஷின் வாங்கி வைத்தேன். நோட்டில் எழுதுவது அண்ணி. ரிப்போர்ட் வாங்க நான் மட்டும் மெட்ரோவில் போனேன். மஞ்சள் லைன் வந்த பிறகு ஆஸ்பத்திரிப் பெயரிலேயே ஸ்டேஷன் இருக்கிறது. அல்சூரிலிருந்து மெஜஸ்டிக்கிலும் ஆர்.வி. ரோட்டிலும் மாற வேண்டும். மூச்சு வாங்குபவர்களுக்கு அந்த நடை ஆகாது, ஆட்டோவிலேயே கூட்டிப் போங்கள்.

மருந்து முழு அளவுக்கு வந்து மூன்று மாதம் ஆன பிறகு மறுபடி எக்கோ. ஈ.எஃப். 35-ஐத் தாண்டவில்லை என்றால் இதயத் துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறானால் ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் ஐ.சி.டி. கருவியை உடம்புக்குள் வைப்பதைப் பற்றிப் பேசலாம் என்றார் டாக்டர். நான் எடுத்துவைத்த பணம் அதற்காக அப்படியே இருக்கிறது. சித்தியும் இப்போது யார் எந்த ஊசி பற்றிச் சொன்னாலும் முதலில் பதிவு எண்ணைத்தான் கேட்கிறார்.