நீதிமன்றமா, நேரடிப் பேச்சா, நடுவரா? தாய்லாந்து–கம்போடியா எல்லையை முன்வைத்து ஓர் அலசல்

பக்கத்து நாடுகளுக்குள் எல்லைத் தகராறு முற்றினால் மூன்று வழிகள் பேசப்படும்: சர்வதேச நீதிமன்றத்துக்குப் போவது, தங்களுக்குள்ளேயே பேசித் தீர்ப்பது, மூன்றாம் ஆளை நடுவராகக் கூப்பிடுவது. எது மேல் என்று பார்க்க, மூன்றையும் முயன்று பார்த்த எல்லை ஒன்று இருக்கிறது. தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் நடுவே சுமார் 800 கிலோமீட்டர்.

அங்கே மலை உச்சியில் பிரே விகார் என்றொரு பழைய சிவன் கோயில். மழைநீர் இருபுறமும் பிரியும் மலைமுகடே எல்லை என்றது, அன்று கம்போடியாவை ஆண்ட பிரான்ஸும் தாய்லாந்தும் செய்த 1904 ஒப்பந்தம். பின்னால் பிரெஞ்சு அதிகாரிகள் வரைந்த வரைபடமோ கோயிலைக் கம்போடியா பக்கம் காட்டியது. தாய்லாந்து நெடுங்காலம் அதை மறுக்கவில்லை. அந்த மௌனமே 1962-இல் அதற்கு எதிராகத் திரும்பியது: ஒன்பதுக்கு மூன்று என்ற கணக்கில் கோயில் கம்போடியாவுக்கு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் கோயில் யாருடையது என்பதற்குத்தான் விடை வந்தது. சுற்றியுள்ள நிலத்தில் கோடு எங்கே ஓடுகிறது என்பதற்கு வரவில்லை. 2008-இல் கோயில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதும் துப்பாக்கிகள் வெடித்தன. 2013-இல் நீதிமன்றம் மறுபடி விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. 2025-இல் வேறு சில இடங்களுக்காகக் கம்போடியா அங்கேயே போக முயன்றபோது தாய்லாந்து வர மறுத்துவிட்டது. முன்பே சம்மதம் தராத ஒருவர் மறுத்தால் இந்தக் கதவு திறக்காது.

நீதிமன்றத்தையே குறை சொல்வதும் சரியல்ல. சிபாடான், லிகிடான் தீவுகளுக்காக இந்தோனேசியாவும் மலேசியாவும் சேர்ந்தே வழக்கைக் கொண்டுபோயின. 2002-இல் தீவுகள் மலேசியாவுக்குப் போயின, இந்தோனேசியா ஏற்றுக்கொண்டது. இழுத்துப் போவதற்கும் கூடிப் போவதற்கும் அவ்வளவு வித்தியாசம்.

நேரடிப் பேச்சில் தோற்றவர் என்று யாருக்கும் பட்டம் கிடைக்காது. அதுதான் அதன் பெரும் பலம். உள்நாட்டு அரசியல் அதன் பலவீனம். 2025 ஜூனில் தாய்லாந்துப் பிரதமர் பேத்தோங்தான் ஷினவத்ரா, கம்போடியாவின் முன்னாள் பிரதமர் ஹுன் சென்னுடன் தொலைபேசியில் பேசியது கசிந்தது. அதனால் ஆகஸ்டில் பேத்தோங்தானின் பதவியே போனது. அதற்குப் பிறகு எந்தத் தலைவர் துணிந்து தொலைபேசியை எடுப்பார்? பொறுமையும் வேண்டும். இந்தியாவும் வங்கதேசமும் 1974-இல் கையெழுத்திட்ட எல்லை ஒப்பந்தத்தின்படி 162 திட்டு நிலங்கள் (மற்ற நாட்டுக்குள் தீவுபோல் சிக்கிய நிலத்துண்டுகள்) கைமாறியது 2015-இல்தான். 41 ஆண்டு என்றாலும் பேசித்தான் முடித்தார்கள். எனக்கு இந்த வழிமேல்தான் அதிக நம்பிக்கை.

வேகத்தில் நடுவரை எதுவும் மிஞ்சாது. 2025 ஜூலை 24-இல் மூண்ட சண்டை, மலேசியப் பிரதமர் அன்வார் இப்ராகிமின் முயற்சியில் 28-ஆம் தேதி மலேசியாவின் புத்ராஜெயாவில் நடந்த பேச்சில் நிறுத்தத்துக்கு வந்தது. லட்சக்கணக்கானோர் வீட்டை விட்டு ஓடியிருந்த நேரத்தில் அந்த வேகம் உயிர்களைக் காத்தது. ஆனால் நடுவரால் நிறுத்த முடிந்தது சண்டையை மட்டும்தான். டிசம்பரில் மறுபடி குண்டுகள் விழுந்தன.

ஆகவே என் கணக்கில் வரிசைதான் முக்கியம். சண்டை நடக்கும்போது நடுவர்; நின்றதும் நேரடிப் பேச்சும் கூட்டு நில அளவையும்; அதிலும் தீராத துண்டு நிலத்துக்கு மட்டும், இருவரும் சம்மதித்து நீதிமன்றம். ஆனால் பேச ஆள் வேண்டுமே. 2025 ஜூலை 23-இல் தாய்லாந்து தன் தூதரைத் திரும்ப அழைத்து, கம்போடியத் தூதரையும் வெளியேறச் சொன்னது. மறுநாள் காலையே சண்டை. எல்லைக்குக் கம்போடியா கையில் 1:2,00,000 அளவு வரைபடம், தாய்லாந்து கையில் 1:50,000 அளவு வரைபடம். எதை எடுத்துக்கொண்டு மலையேறுவது என்று பேசவாவது இரு தலைநகரங்களிலும் தூதர்கள் இருந்தாக வேண்டும்.