மிகாசா கப்பல்: கான்கிரீட்டில் நிற்கும் ஓர் ஒப்பந்தம்

யோகோசுகாவில் இருக்கும் மிகாசா நினைவுக் கப்பலுக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். யோகோசுகா சூவோ நிலையத்தில் இறங்கிப் பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும். அப்பா துறைமுகப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் இருக்கும் அட்மிரல் டோகோ சிலையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. நேரே போய்க் கப்பலின் பக்கத் தகடுகளை நிமிர்ந்து பார்த்து, "வெல்டிங்கே இல்லம்மா, எல்லாம் ரிவெட்டு" என்றார். இங்கிலாந்தில் விக்கர்ஸ் நிறுவனம் கட்டி 1902இல் ஜப்பானிடம் கொடுத்த கப்பல், பதினைந்தாயிரம் டன்.

1905 மே 27 அன்று சுஷிமா போரில் ரஷ்யக் கடற்படையை நொறுக்கியபோது டோகோ நின்றது இந்தக் கப்பலின் மேல்தட்டுப் பாலத்தில்தான், அதாவது கப்பலை நடத்த உத்தரவிடும் உயரமான மேடையில். எல்லோரும் அதற்காகத்தான் வருகிறார்கள். நான் போனது அவருக்குப் பக்கத்தில் நின்ற மனிதருக்காக. அவர் பெயர் கட்டோ டோமோசாபுரோ, அன்று டோகோவின் தலைமைத் துணை அதிகாரி. அந்தப் போர்க் காட்சியைக் காட்டும் புகழ்பெற்ற ஓவியம் உள்ளே இருக்கிறது, அதிலும் அவர் இருக்கிறார்.

முதல் உலகப்போர் முடிந்த கையோடு அமெரிக்காவும் பிரிட்டனும் ஜப்பானும் போட்டி போட்டுக்கொண்டு போர்க்கப்பல் கட்டின. 1921இல் ஜப்பான் அரசின் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கடற்படைக்கே போனது. அப்போது கடற்படை அமைச்சர் கட்டோ. இந்தக் கப்பல் போட்டியைக் கட்டுப்படுத்தக் கூட்டிய வாஷிங்டன் மாநாட்டுக்கு அவர் போயிருந்த நேரத்தில், நவம்பர் 4 அன்று, பிரதமர் ஹாரா டோக்கியோ ரயில் நிலையத்தில் குத்திக் கொல்லப்பட்டார். எட்டே நாளில் மாநாடு தொடங்கியது. பெரிய போர்க்கப்பல்களின் அளவில் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் பத்துப் பத்து என்றால் ஜப்பானுக்கு ஆறு என்று கணக்குச் சொன்னார்கள். ஏழுக்குக் குறையவே கூடாது என்று அவருடைய கடற்படை நிபுணர்களே பிடிவாதம் பிடித்தார்கள். பசிபிக் தீவுகளில் புதிய கோட்டை கொத்தளங்கள் கூடாது என்ற உறுதியை வாங்கிக்கொண்டு, கட்டோ ஆறுக்குச் சம்மதித்தார். நாட்டின் பாதுகாப்பு ராணுவத்தாருக்கு மட்டும் உரியதல்ல, பணமில்லாமல் போர் நடத்த முடியாது என்பது அவர் கருத்து. குண்டு மழையில் நின்ற ஒருவர் அப்படிச் சொன்னதால்தான் எனக்கு அவர் மேல் இவ்வளவு மதிப்பு. 1922 ஜூனில் பிரதமரானார். 1923 ஆகஸ்டில், பதவியில் இருக்கும்போதே இறந்துபோனார்.

அந்த ஒப்பந்தத்தால் வேலையிழந்த கப்பல்களில் மிகாசாவும் ஒன்று. உடைக்கப்பட வேண்டியது, இனி ஒருநாளும் கடலில் ஓடாது என்ற நிபந்தனையோடு மற்ற நாடுகள் விட்டுக்கொடுத்தன. அதனால்தான் அடிப்பகுதியைச் சுற்றிக் கான்கிரீட் கொட்டியிருக்கிறார்கள். தன் கப்பல் நின்றுபோகத் தானே கையெழுத்துப் போட்டிருக்கிறார் மனிதர்! அந்தக் கான்கிரீட் விளிம்பில் நின்று இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

எஞ்சின் பார்க்கலாம் என்று யாரும் போக வேண்டாம். கீழ்த்தளங்களை அடைத்துவிட்டார்கள். அப்பாவுக்கு அதில் வருத்தம்தான். பீரங்கிகளும் புகைபோக்கிகளும்கூடப் பழையவை அல்ல. 1945க்குப் பிறகு எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிட்டு, மேல்தளத்தில் நடனக்கூடமும் மீன் காட்சியகமும் நடத்தியிருக்கிறார்கள். ஜப்பானைத் தோற்கடித்த அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸே இதைக் காப்பாற்றக் குரல் கொடுத்தார். இளைஞராக இருந்தபோது டோகோவை நேரில் சந்தித்தவர் அவர். அப்புறம் சிலி நாட்டின் பழைய போர்க்கப்பல் ஒன்று உடைக்க ஜப்பானுக்கு வந்தபோது அதிலிருந்து பாகங்கள் கிடைத்தன. 1961இல் மறுபடி திறந்தார்கள்.

படிகள் செங்குத்து. முட்டிவலிக்காரர்கள் பாலத்துக்கு ஏறும்போது மெதுவாகப் போங்கள், ஆனால் ஏறாமல் திரும்பிவிடாதீர்கள். யார் எங்கே நின்றார்கள் என்று தரையில் குறித்திருக்கிறார்கள். டோகோ நின்ற இடத்தில் படம் எடுக்க வரிசை நின்றது. கட்டோ நின்ற இடம் காலியாக இருந்தது; அங்கே அப்பாவை நிற்க வைத்து ஒரு படம் எடுத்தேன். பின்னால் சாருஷிமா தீவு தெரிகிறது. டிசம்பர் 28 முதல் 31 வரை விடுமுறை. மற்ற நாட்களில் அரைநாள் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.